பெண்மையும் வான்வீரமும்

நாம் காணும் பெரிய பயணிகள் விமானங்களுக்கு மூக்கின்கீழ்ச் சக்கரம் உண்டு. சில சிறு விமானங்களுக்கோ அது வாலின்கீழ் அமைந்துள்ளது. அவற்றின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையிறங்கும்போது சற்றே திரும்பினாலும் வால் முன்னோக்கிச் சுழன்றுவிடும். தரையில் மூக்கு உயர்ந்து நிற்பதால் எதிரேயுள்ள பாதையும் மறையும். விமானி இரு கால்களாலும் சுக்கான் மிதிகளை இடைவிடாது இயக்குதல் வேண்டும்.

இத்தகைய விமானத்தில் தலைகீழாகப் பறந்தும் சுழன்றும் சாகசம் புரிந்தவர் பேட்டி வாக்ஸ்டாஃப் அம்மையார். ஆண்களும் பெண்களும் ஒருங்கே போட்டியிட்ட அமெரிக்கத் தேசிய வான்சாகசப் போட்டியில் 1991இல் வாகை சூடிய முதற்பெண் இவரே. 1992, 1993ஆம் ஆண்டுகளிலும் வென்றார். அவர் ஓட்டிய எக்ஸ்ட்ரா 260 விமானம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது.

தன்னை இயக்குபவர் ஆணா, பெண்ணா என விமானம் கேட்பதில்லை, பயிற்சியையே சோதிக்கிறது. ஆதலின், நம் பெண்மக்களின் கல்வியை இடையில் நிறுத்தாதிருப்போமாக!