டிவி விழுந்துச்சு, இஎம்ஐ விழல: 100 ரூபாய் ஸ்க்ரூ எனக்குக் கத்துக்கொடுத்த கணக்கு

எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னிக்கு சுவத்துல ஓட்டை போடுறதைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. இதுவும் பண விஷயம்தான்.

சிஏ முடிச்ச புதுசுல காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல மாடி போர்ஷன் ஒண்ணுல வாடகைக்கு இருந்தேன். வாடகை 7,000, அட்வான்ஸ் 20,000. கீழே ஹவுஸ் ஓனர் வீட்டுல தறி ஓடும். முதல் பெரிய செலவா 32,000 ரூபாய்க்கு 43 இன்ச் டிவி வாங்கினேன், 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ. மாட்ட வந்தவர் கால் மணி நேரத்துல நாலு ஸ்க்ரூ முறுக்கிட்டுக் கிளம்பிட்டார். டிரில் பண்ணும்போது வெள்ளையா தூள் கொட்டுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு அப்போ எனக்குத் தெரியாது.

மூணாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஸ்க்ரூ, பிளக், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு, எல்லாத்தோடயும் டிவி கீழே வந்துருச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அண்ணன் பொண்ணு அதுக்குக் கீழேதான் உக்காந்து விளையாடிட்டு இருந்தா. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்கும்.

கணக்கைப் பாருங்க. மீதி 9 இஎம்ஐ, சுமார் 24,000 ரூபாய், இல்லாத டிவிக்குக் கட்டினேன். காலி பண்ணும்போது பூச்சு வேலைக்குன்னு அட்வான்ஸ்ல 4,500 பிடிச்சாங்க. வாரன்டி? கீழே விழுந்து உடைஞ்சா கிடையாது. வீட்டுப் பொருள் இன்சூரன்ஸும் தீ, புயல், வெள்ளம் மாதிரி பட்டியல் போட்ட ஆபத்துக்குத்தான். தப்பா மாட்டின டிவி விழுறது அந்தப் பட்டியல்ல வராது. சரியான பிளக்கும் ஸ்க்ரூவும் போட்டிருந்தா செலவு 100 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும்.

பிளக் என்ன வேலை செய்யுது?

1911 வாக்குல லண்டன்ல ஜான் ஜோசப் ராலிங்ஸ்னு ஒரு கான்ட்ராக்டர், பிரிட்டிஷ் மியூசியத்தோட சுவர்களைக் கெடுக்காம எலக்ட்ரிக்கல் சாமான் மாட்ட ஒரு வழி தேடினார். அப்படிப் பிறந்ததுதான் நாம சொல்ற 'ரால் பிளக்'. இன்னிக்குக் கடையில கிடைக்கிற நைலான் பிளக்கை 1958-ல ஜெர்மனியோட ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தார்.

தத்துவம் ஒண்ணுதான். ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிஞ்சு சுவரை இறுக்கிப் பிடிக்கும். அதனால பிளக் எவ்வளவு நல்லதா இருந்தாலும், அது பிடிச்சிருக்கிற சுவர் உறுதியா இல்லைன்னா பிரயோஜனம் இல்ல. என் டிவி பிடிச்சிருந்தது செங்கல்லை இல்ல, வெறும் பூச்சை.

தூளோட நிறத்தைப் பாருங்க

- சிவப்புத் தூள்: செங்கல். நல்ல சேதி, நைலான் பிளக் போதும்.
- சாம்பல் தூள், டிரில் கஷ்டப்பட்டு இறங்குது: கான்கிரீட். கனமான சாமானுக்கு இரும்பு ஆங்கர் போல்ட் போட ஏத்த இடம் இதுதான்.
- சாம்பல் தூள், திடீர்னு டிரில் உள்ளே விழுந்துடுது: ஹாலோ பிளாக். உள்ளே காலி. அதுக்குன்னு இருக்கிற பிளக்கைக் கேட்டு வாங்குங்க.
- வெளுத்த தூள், வெண்ணெய் மாதிரி இறங்குது: புது ஃபிளாட்கள்ல வர்ற ஏஏசி பிளாக்கா இருக்கலாம். ஹேமர் மோடை ஆஃப் பண்ணிட்டு டிரில் பண்ணணும், இதுக்கும் தனி பிளக் இருக்கு.
- வெள்ளைத் தூள், பொலபொலன்னு உதிருது: பழைய சுண்ணாம்புச் சுவர். பூச்சு தடிமனா இருக்கும். ஹேமர் வேண்டாம், நீளமான பிளக் வாங்குங்க. ஓட்டை செங்கல் நடுவுல விழணும், இணைப்புல விழக் கூடாது. சிவப்பு வர்ற வரைக்கும் நீங்க இன்னும் பூச்சுலதான் இருக்கீங்க.

எடையைக் கணக்குப் போடுங்க

காலி எடையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 15 லிட்டர் கீசர்ல தண்ணியே 15 கிலோ, கீசரோட எடை தனி. வாட்டர் பியூரிஃபையருக்கும் இதே கதைதான். டிவியை முன்னாடி இழுத்துத் திருப்புற மாதிரி ஸ்டாண்டு போட்டா, இழுக்க இழுக்க மேல் ஸ்க்ரூ மேல விழுற பாரம் ஏறும்.

செங்கல் சுவருக்கு என் கணக்கு இது. காலண்டர், 2019-க்கு அப்புறம் நம்ம ஊர்ல பல வீட்டுல இருக்கிற அத்திவரதர் படம் மாதிரி லேசானதுக்கு 6 எம்எம் பிளக். டிவி, ஷெல்ஃபுக்கு 8 எம்எம். கீசருக்கு 10 எம்எம், அதுவும் கம்பெனி மேனுவல்ல சொன்ன அளவுப்படி. டிரில் பிட் அளவும் பிளக் அளவும் ஒண்ணா இருக்கணும். ஓட்டை பிளக்கை விட ஒரு சென்டிமீட்டர் ஆழமா இருக்கட்டும், உள்ளே இருக்கிற தூளை ஊதி எடுங்க. பிளக் கையாலயே வழுக்கிட்டுப் போனா அது பிடிக்காது. பேப்பர் சுத்தி அடைக்காதீங்க, அடுத்த சைஸுக்குப் போங்க.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் டிரில் பண்ணவே பண்ணாதீங்க. வயர் அந்த வழியாத்தான் வரும். பாத்ரூம்ல குழாய்க்கு நேரா இருக்கிற இடமும் அப்படித்தான்.

வாடகை வீடா? இதையும் பாருங்க

தமிழ்நாட்டுல 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019-ல நடைமுறைக்கு வந்துச்சு. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கூடாது. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, உங்க பக்கத்து பாக்கியைக் கழிச்சுட்டுத் திருப்பித் தரணும். அந்த 'பாக்கி'லதான் நம்ம ஓட்டைகள் வந்து உக்காரும். அதனால குடி போற அன்னிக்கே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்க. டிரில் பண்றதுக்கு முன்னாடி ஓனருக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு, 'சரி'ன்னு பதில் வாங்கி வைங்க. ஒட்டுற ஹூக் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல பெயின்ட்டையும் உரிச்சுக்கிட்டு வந்துடும்.

வருஷத்துக்கு நாலஞ்சு ஓட்டைக்காக டிரில் மெஷின் வாங்காதீங்க. தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, பிளக்கும் ஸ்க்ரூவும் மட்டும் நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. தூள் விழும்போது பக்கத்துல நின்னு நிறத்தைப் பாருங்க.

டிவி விழுந்த அன்னிக்கு ஓனர் மேல வந்து பாத்தார். திட்டல. "தம்பி, தறிக்கு ஜக்கார்டு பெட்டி ஏத்துறப்போ நாங்க செவுத்த நம்ப மாட்டோம். கீழ இருந்தே சட்டம் குடுத்துதான் ஏத்துவோம்"னு சொன்னார். அடுத்த டிவியை நான் சுவத்துல மாட்டல. மர ஸ்டாண்டு மேல வெச்சேன், இன்னும் ஓடுது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டுல தலைக்கு மேல இருக்கிற கனமான சாமான் ஒவ்வொண்ணையும் லேசா ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா முதல்ல அதுக்குக் கீழே இருக்கிற கட்டிலை நகர்த்துங்க. அப்புறம் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க.