மறதியிலும் வேலை தேடும் கைகள்

டிமென்சியா எனப்படும் மறதிநோய் தனியொரு நோயன்று. நினைவு, மொழி, முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் பல மூளைநோய்களுக்கான பொதுப்பெயர் அது. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோயே இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்கின்றனர். நோய் சற்று முற்றியவர்களில் பலருக்குக் கைகள் ஓய்வதில்லை. சட்டைப் பொத்தானைத் திருகுவது, போர்வையின் ஓரத்தைச் சுருட்டுவது, மருத்துவமனையில் இருந்தால் டிரிப்ஸ் ஏற்றச் செருகிய ஊசியையே பிடுங்கிவிடுவது என அவை எதையோ தேடியபடி இருக்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் இந்தப் பதற்றம் மேலும் கூடுவதுண்டு. பிரிட்டனில் பல மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இத்தகைய கைகளுக்கென்றே தன்னார்வலர்கள் நூலால் பின்னித் தரும் தொடுவுணர்வு விரிப்புகளும், இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் உறைகளும் புழக்கத்தில் உள்ளன.

அல்சைமர் நோய் மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை என்பதே இந்தப் பின்னல் வேலைக்கு அடிப்படையான அறிவியல். புதிய நிகழ்வுகளை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி நோயின் தொடக்கத்திலேயே நலிவடைய, தொடுவுணர்வைப் பெறும் பகுதியும் கையசைவை இயக்கும் பகுதியும் நெடுங்காலம் ஓரளவு தப்பியிருக்கின்றன. காலையில் உண்டது மறந்த பின்னும் முடிச்சுப் போடக் கைக்குத் தெரிந்திருப்பது, பழகிப் பழகி வந்த திறன்களைக் காக்கும் செயல்முறை நினைவு ஹிப்போகாம்பஸை நம்பியிராமல், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களையும் சிறுமூளையையும் சார்ந்திருப்பதால்தான். 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்த அமெரிக்கர் ஹென்றி மொலாய்சன், கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்பதையும், ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகச் செய்வதாகவே எண்ணினார் என்பதையும் உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்டறிந்தது இத்துறையின் திருப்புமுனையாகும்.

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகத் தொடுகையை உணரும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் பரப்பே இவற்றை விழிப்பாக வைத்திருக்கும். அந்தப் பரப்பைக் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னல் எளிதில் தருகிறது. கொக்கி ஊசியை ஒரே துளையில் ஐந்து முறை விட்டு எடுத்து, அந்த ஐந்து தையலையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்தால், விரல்நுனிக்குள் அடங்கும் கெட்டியான குமிழ் எழும். சற்றுத் தள்ளி நூலை நீளமாக விட்டுப் பின்னினால் வளையங்கள் தொங்கும். இரு ஊசிகளால் பின்னும் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே ஓடிப் பிரிந்துவிடும். குரோஷேயில் அவ்வளவு எளிதில் ஓடாது என்பதால், நாள் முழுதும் இழுத்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு அது ஏற்றது.

ஆயினும் எல்லோருக்கும் பொதுவாகப் பின்னிய விரிப்பைவிட ஒருவருக்கென்றே பின்னியதுதான் பொருளுடையது. தையற்காரராக இருந்தவருக்கு ஜிப்பும் அளவு நாடாவும், பட்டறையில் உழைத்தவருக்குக் கனமான வளையமும் தோல்வாரும் அதில் இடம்பெற வேண்டும். நோயை அன்றி மனிதரை முன்னிறுத்தும் பராமரிப்பை வலியுறுத்திய பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூல் பரப்பிய பார்வையும் இதுவே. குழந்தை பொம்மையைப் போன்ற விரிப்பை முதியவரின் மடியில் வைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். முதுமையில் விழிவில்லை மஞ்சளிப்பதால் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரியக்கூடும். கருப்பு வட்டம் சிலருக்குக் குழியாகத் தோன்றி அச்சமூட்டும். எனவே, நிற வேறுபாடு துலக்கமாக இருப்பது நல்லது.

இத்தகைய எளிய வழிகள் ஏன் தேவை என்பதற்குப் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கை அழுத்தமான சான்று. மறதிநோயாளிகளின் கொந்தளிப்பை அடக்க, மனப்பிறழ்வுக்கான மருந்துகள் அந்நாட்டில் ஏறக்குறைய 1,80,000 பேருக்குத் தரப்பட்டன என்றும், அவர்களில் சுமார் 36,000 பேரே ஓரளவு பயனடைந்திருக்கக்கூடும் என்றும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணங்கள் நிகழ்ந்தன என்றும் அது மதிப்பிட்டது. விரிப்பு நோயைக் குணப்படுத்தாது. அதன் பயனை அளந்த ஆய்வுகளும் சிறியவையே. ஆனால், மாத்திரையால் ஒருவரை மயங்க வைப்பதற்கு முன் அவர் கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பது மருத்துவ அறமாகும்.

விரிப்பில் சேர்க்கும் பொத்தானையும் மணியையும் உறுதியான நூலால் பலமுறை தைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் அது வாய்க்குப் போகும், தொண்டையில் அடைக்கும். காந்தமும் பேட்டரியும் கூடவே கூடாது. தொற்றுப் பரவாதிருக்க ஒரு விரிப்பை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வெந்நீரில் துவைக்கத் தாங்கும் நூலே வேண்டும். பின்னத் தெரிந்தவர்கள் நூல்கண்டைக் கையில் எடுக்கும் முன், அதைப் பெறப்போகும் முதியவர் இளமையில் என்ன தொழில் செய்தார், எந்தத் துணியை விரும்பி உடுத்தினார், எதைத் தொட்டால் முகம் சுளிப்பார் என்பதை வீட்டாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.