தடையும் தாராளமும்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் நான் கிரிவலம் சென்றபோது, கல்லூரி மாணவர் ஒருவர் உடன் நடந்தார். 14 கிலோமீட்டர்ப் பாதை, பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஓரிடத்தில் கஞ்சாப் புகையின் நெடி வீசிற்று. "ஐயா, மதுவை அரசாங்கமே விற்கிறது; கஞ்சாவுக்கு மட்டும் ஏன் சிறை?" என்றார் அவர்.

கேள்வி பழையது. 1893-இல் ஆங்கில அரசு கஞ்சாவை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. மிதமிஞ்சினால்தான் பெருந்தீங்கு, முற்றும் தடுக்க வேண்டா, வரி விதித்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது அதன் அறிக்கை. (வரி என்றால் எந்த அரசுக்குத்தான் கசக்கும்!) 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமோ கஞ்சாவைத் தடுத்தது. எனினும் பூவும் காயும் கொண்ட நுனியையே அது கஞ்சா என்கிறது. தனித்த இலை அவ்வரையறையில் சேராது. வடநாட்டில் பாங்கு விற்பனை நடப்பது இதனாலேதான்.

மதுவின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. இராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-இல் திருவண்ணாமலை அடங்கிய வட ஆற்காட்டுக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய அவ்வாண்டே பொது விற்பனை வரி பிறந்தது. மதுவிலக்கு நீங்கிப் பல ஆண்டுகள் ஆயின, வரி நீங்கவில்லை! தடை இருந்த காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். கடைகளைத் திறந்தால் அது ஒழியும் என்றார்கள். ஒழிந்ததா? 2024 ஜூன் மாதம், அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில், அரசுக் கடைகள் திறந்திருக்கையிலேயே, மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கூலிக்காரன் மலிவான சரக்கையே நாடினான்.

ஆகவே விற்பனையைத் திறந்துவிடுவதை நான் ஒப்பவில்லை. இருபத்தைந்து வயதுவரை மூளை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அவ்வயதுக்குள் நாள்தோறும் கஞ்சா புகைப்போர் சிலருக்குச் சித்தம் கலங்குகிறது. ஆனால் அடிமையானவனைச் சிறையில் அடைப்பதையும் ஒப்பேன். நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். அவனுக்கு வேண்டியவர் மருத்துவர், காவலர் அல்லர். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிதளவு வைத்திருந்து பிடிபட்டவர் தாமாகவே முன்வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். இதனை அறிந்தோர் சிலரே.

மாணவர் சிறிது தூரம் பேசாது நடந்தார். பிறகு, விடுதி நண்பர் ஒருவரை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று மெல்லக் கேட்டார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்றேன். "காலையிலேயே போகலாமா?" என்றார்.