ஒரு குடத்தில் பத்து லட்சம் ஆண்டு

போர்வெல் தண்ணீர் போன வருஷத்து மழையா, கற்காலத்து மழையா? காட்டிக் கொடுக்கின்றன மந்த வாயுக்கள்.

பெங்களூர் நீலசந்திராவின் குறுகலான தெருக்களில் தண்ணீரின் வயதை யாரும் கேட்பதில்லை. வருமா வராதா என்பதுதான் அங்கே கேள்வி. இத்தனைக்கும், பெங்களூர் ஊர்ப் பெயர்களின் வாலில் வரும் 'சந்திரா', சமுத்திரம் என்பதன் திரிபு என்பார்கள். சமுத்திரம் என்றால் அந்நாளில் பெரிய ஏரி.

2024 மார்ச்சில் முதல்வர் சித்தராமையா சொன்ன கணக்குப்படி, நகரில் இருந்த சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டன. வழக்கமான வைத்தியம், இன்னும் ஆழமாகத் துளைப்பது. ஆயிரம் அடிக்குக் கீழே கிடைக்கும் தண்ணீர் சமீபத்திய மழை என்றால் அது வட்டி, மீண்டும் சேரும். பல ஆயிரம் ஆண்டுப் பழசு என்றால், முதலிலேயே கை வைத்தாகிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? காற்றில் காஸ்மிக் கதிர்கள் கிரிப்டான்-81 என்ற கதிரியக்க அணுவை உண்டாக்குகின்றன. மழையோடு அது மண்ணுக்குள் இறங்கிய பிறகு புது வரவு இல்லை. சுமார் 2,29,000 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். மிச்சத்தை எண்ணினால் வயது தெரியும். கார்பன்-14 முறை சுமார் 40,000 ஆண்டோடு நின்றுவிடும். சுண்ணாம்புப் பாறை அதைக் குழப்பவும் செய்யும். மந்த வாயுவோ எந்தப் பாறையோடும் சேராத சாமியார். சில நூறு ஆண்டுக் கணக்குக்கு ஆர்கான்-39 உண்டு. கிரிப்டான்-85 வேறு ரகம்: அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலைகளிலிருந்து காற்றில் கலப்பது. தண்ணீரில் அது இருந்தால், அணுயுகம் பிறந்த பிறகு பெய்த மழை அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

சிக்கல், எண்ணுவதில். ஒரு லிட்டர் தண்ணீரில் கிரிப்டான்-81 அணுக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். 2000-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 16,000 லிட்டர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஜெங்-தியன் லூ குழுவினர், லேசர் ஒளியால் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணும் பொறியை 1999-ல் அறிவித்தார்கள். 2004-ல் எகிப்தின் மேற்குப் பாலைவனத் தண்ணீருக்கு வயது கணித்தபோது, 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு! இப்போது 10, 20 லிட்டர் போதும். குழாயடியில் பிடிக்கும் ஒரு குடம்.

இந்தியாவிலும் தண்ணீருக்கு ஜாதகம் கணித்திருக்கிறார்கள். ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஹீலியம், ரேடான் வாயுக்களையும் கார்பன்-14-ஐயும் வைத்து வடக்கு குஜராத் நீரை அளந்தார்கள். காம்பே வளைகுடாவை நெருங்க நெருங்க வயது கூடி, 35,000 ஆண்டைத் தாண்டியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க, இரவு பகலாக அதை இறைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆழ்நீரில் கடந்த 30,000 ஆண்டுப் பருவநிலையின் தடயங்கள் இருப்பதை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் சுகிஜா குழுவினர் 1998-ல் காட்டினார்கள்.

பெங்களூர் கதை கொஞ்சம் சிடுக்கானது. இங்கே மணற்படுகை இல்லை. கடினப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில் ஒளிந்திருக்கிறது. ஒரே போர்வெல் பல வெடிப்புகளைத் துளைத்து, பல வயதுத் தண்ணீரையும் கலந்து மேலே தள்ளும். போதாக்குறைக்கு, நகரின் மையத்தில் நீர்மட்டம் மேலேயும் புறநகரில் பாதாளத்திலும் இருப்பதை இந்திய அறிவியல் கழகத்தினர் 2017-ல் பதிவு செய்தார்கள். மையத்தில் குழாய்களிலிருந்து கசிவதும் நிலத்தடியில் சேர்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மின்சாரம் செலவழித்து ஏற்றி வரும் காவிரி, மண்ணுக்குள் போய், மறுபடியும் மோட்டாரில் மேலே வருகிறது!

இந்தக் கலப்படத்தைப் பிரித்துக் காட்டவும் அந்த வாயுக்களே உதவும். கிரிப்டான்-85 இருந்தும் கிரிப்டான்-81 குறைந்திருந்தால், புதுத் தண்ணீரோடு கிழட்டுத் தண்ணீரும் சேர்ந்து வருகிறது என்று பொருள்.