உங்களுக்குத் தெரியுமா? ஜூஸர் வாங்கலாமா, மிக்ஸியே போதுமா?

மைசூரு விஜயநகரிலிருந்து சற்றுத் தள்ளி, பழைய அரண்மனையான செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்குகிறது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். பழங்களைப் பதப்படுத்தும் ஆய்வுக்குப் பேர்போன இடம். அந்த ஊரில்கூட, வீட்டு ஜூஸரைத் தோற்கடிக்கும் பழம் ஒன்று உண்டு: நஞ்சன்கூடு ரசபாளை என்ற வாழைப்பழம்! வாழைப்பழத்தைப் பிழிந்தால் சாறு வராது, கூழ்தான் மிஞ்சும்.

வேகமாகச் சுழலும் ஜூஸர் விலை குறைவு, சத்தம் அதிகம். மெதுவாக நசுக்கிப் பிழியும் ‘கோல்டு பிரஸ்’ கீரையிலும் சாறு எடுக்கும். விலையோ பல மடங்கு. எதை வாங்கினாலும் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குத்தான் போகிறது. சர்க்கரை மட்டும் டம்ளருக்கு வந்துவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டுதலில், பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்த்தது. மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்ன நேரமாகும். சாறாகக் குடிக்க அரை நிமிடம் போதும்.

சாத்துக்குடிக்குக் கைப்பிழிவான், மற்றதற்கு மிக்ஸி. வடிகட்டாமல் குடியுங்கள். தினமும் காய்ச்சாறு குடிப்பவர் மட்டும் ஜூஸர் வாங்கலாம், கழுவப் பொறுமை இருந்தால்!