60 வயது ஹெரால்டு இன்னும் ஓடுகிறது!

சென்னைக்கு மேற்கே இருக்கிறது பாடி. பழைய ஊர். தேவாரத்தில் திருவலிதாயம் என்று பாடப்பட்ட தலம் இதுதான்.

1960-க்குப் பிறகு இந்த ஊரின் முகமே மாறிவிட்டது. அந்த ஆண்டில் வீல்ஸ் இந்தியா வந்தது. 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது. சக்கரம் ஒரு கம்பெனி. டைனமோ ஒரு கம்பெனி. பிரேக் ஒரு கம்பெனி. மூன்றும் ஒரே ஊரில்! கோவில் மணியோடு ஆலைச் சங்கும் சேர்ந்து கேட்டது.

அதே 1961-ல்தான் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் இருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற கார் வெளிவந்தது. சென்னையிலேயே பிறந்த கார். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கார் மட்டும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்றும் சில வீட்டு வாசல்களில் அதன் உறுமல் கேட்கிறது.

பந்தயக் காரின் அக்காள்

ஹெரால்டு குடும்பக் கார்தான். ஆனால் பிறந்த வம்சம் பெரியது. இத்தாலியரான மிக்கெலொட்டி இதற்கு உருவம் கொடுத்தார். 1959-ல் இங்கிலாந்தில் 'ட்ரயம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மூன்றாவது ஆண்டில், இதே காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பொருத்தினார்கள். அதுதான் உலகப் புகழ் பெற்ற 'ஸ்பிட்பயர்' ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டு அக்காள்; ஸ்பிட்பயர் தங்கை.

தங்கை இந்தியாவில் தயாராகவில்லை. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யவும் அக்காலத்தில் கடும் கட்டுப்பாடு. ஆகவே வேகப் பிரியர்கள் அக்காளையே பிடித்துக்கொண்டார்கள். சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. அங்கே நடந்த கார் பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறக்கப்படும் முன், சென்னையில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

இந்தக் காரில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பக்க மூடியும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டு. அதை அப்படியே முன்னால் கவிழ்த்துவிடலாம். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக என்ஜினைப் பழுது பார்க்கலாம்! உடலும் தனித்தனித் துண்டுகளாக முடுக்கப்பட்டது. ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். சொந்தக் கையால் வேலை செய்ய ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல கார் கிடைப்பது அரிது.

கிரீஸ் அடித்தால் கெடும்!

ஆனால் ஒரு மூட்டு இருக்கிறது. அதைத் தெரியாமல் ஹெரால்டை ஓட்டக் கூடாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். 'ட்ரன்னியன்' என்று அதற்குப் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. கார் முன்பாரத்தில் பெரும் பங்கு அந்த இடத்தில்தான்.

அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பட்டறைகளில் இது தெரிவதில்லை. எல்லா மூட்டுக்கும் அடிப்பதுபோல் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் போகாது. நாளடைவில் கட்டிபட்டு வழியையும் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு 'படக்' என்று ஒடியும். சக்கரம் மடிந்து விழும்.

வீட்டு வாசலில் மெதுவாகத் திருப்பும்போது ஒடிந்தால் செய்த புண்ணியம். நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகும்போது ஒடிந்தால்?

இதைத் தடுக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். கிரீஸ் கன்னில் கிரீசுக்குப் பதில் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்ற வேண்டும். பழைய அழுக்கு வெளியே வந்து புது எண்ணெய் கசியும் வரை அடிக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. ஸ்டியரிங் முரண்டு பிடித்தால் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். இந்த மூட்டு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. தங்கை ஸ்பிட்பயருக்கும் இதே மூட்டுதான். அங்கே அந்தக் கார்கள் ஏராளமாக ஓடுவதால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. சுங்கவரி கட்டி வரவழைக்கலாம். சிறு புஷ், பின் போன்றவற்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். புதுப்பேட்டையிலும் தேடலாம். கண் உள்ளவருக்குக் கிடைக்கும்.

பின்பக்கத்தில் வேறொரு குணம். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், பின்சக்கரங்கள் உட்பக்கமாக ஒடுங்கும், கார் சுழன்றுவிடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டால் ஹெரால்டு பசுதான்.

பிரேக்கும் டைனமோவும்

இன்றைய கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி எண்ணெய் வழிகள் உண்டு. ஒன்று கெட்டால் ஒன்று காக்கும். பழைய ஹெரால்டில் ஒரே வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு! கைப் பிரேக் ஒன்றே மிச்சம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரம் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவதும், ரப்பர் வாஷர்களைப் பார்ப்பதும் கட்டாயம். பெயிண்டுக்கு லட்சம் செலவு செய்துவிட்டுப் பிரேக் குழாயில் மிச்சம் பிடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். என்ன சொல்வது?

இங்கிலாந்தில் பழைய கார்க்காரர்கள், விளக்கு அடிக்கடி அணைவதால், லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். கேலியில் பாதிதான் உண்மை. பெரும்பாலும் குற்றம் டைனமோவில் இல்லை. 60 ஆண்டு கிழ ஒயரில் இருக்கும். முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டினாலே பாதி வியாதி தீரும். பாயின்ட் இடைவெளி 15 தவ், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. அதைச் சரியாக வைக்கத் தெரிந்தால் மெக்கானிக்கை நாலு தடவை கூப்பிட வேண்டியதில்லை.

புதுத் தொல்லை ஒன்றும் வந்திருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அக்காலத்து ரப்பர் குழாய் அதைத் தாங்காது. இளகும், வெடிக்கும், சொட்டும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? எத்தனாலைத் தாங்கும் குழாயும், பெட்ரோல் பம்பின் உள்தகடும் முதல் வேலையாக மாற்றப்பட வேண்டும்.

அரசு சொல்வது என்ன?

50 வயது கடந்த கார்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி வகுத்தது. 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். முன்பே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா வாங்கிய நம்பர் பேரனுக்கும் கிடைக்கிறது!

ஆனால் இரண்டு நிபந்தனைகள். கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. மைலேஜ் ஆசையில் டீசல் என்ஜினைப் பொருத்திய ஹெரால்டுகளுக்கு இங்கே இடி. இன்னொன்று: அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். வாரம் தவறாமல் குடும்பத்தோடு மகாபலிபுரம் போக ஆசைப்படுகிறவர் இந்தப் பதிவை நாடாமல் இருப்பதே நல்லது. சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தகுதி காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

முப்பதாயிரத்தில் போன கார்

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 2022-ல் அரசு வெளியிட்ட கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். முதல் ஹெரால்டின் என்ஜின் 948 சி.சி.; அதில் அடங்கிவிடும். வின்டேஜ் பதிவு இருந்தால் பாதிக் கட்டணம். ஆனால் இது இடிபட்டவருக்கு உதவுமே தவிர, சொந்தக் காருக்கு ஒரு பைசா கிடைக்காது. சொந்தக் காருக்கும் சேர்த்து எடுக்கத்தான் முழு பாலிசி.

முழு பாலிசியில் காருக்கு ஒரு மதிப்பு எழுதுவார்கள். ஐந்து வயது வரை அதற்குக் கணக்குப் பட்டியல் உண்டு. அதற்கு மேல், கம்பெனியும் காரின் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்வதுதான். பலர் பிரீமியத்தை மிச்சப்படுத்தக் குறைந்த மதிப்பை ஒத்துக்கொள்கிறார்கள்.

40,000 ரூபாய் என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். ஒரு லாரி பின்னால் இடிக்கிறது. பழுது பார்க்க ஆகும் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கார் 'முழு நஷ்டம்' என்று கணக்காகிவிடும். அதாவது 30,000-ஐத் தாண்டினாலே போதும். இன்று டிங்கரிங், பெயிண்டிங் இரண்டுக்கே அது ஆகிவிடும்! நான்கு லட்சம் போட்டுப் புதுப்பித்த கார், காகிதத்தில் பழைய இரும்பாகிவிடுகிறது.

சிறு விபத்திலும் கவனம் வேண்டும். பத்து வயதைத் தாண்டிய காரின் இரும்புப் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கும் பாதிதான். கூலிக்குத் தேய்மானம் இல்லை. எனவே பட்டறைக்காரரிடம் சாமான் பில்லையும் கூலி பில்லையும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

மதிப்பை உயர்த்திக் கேட்பவர் வெறும் வாயால் கேட்டால் நடக்காது. புதுப்பித்த ஒவ்வொரு பில்லும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும், மதிப்பீட்டாளரின் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். 'இத்தனை வயதுக் காருக்கு மூன்றாம் நபர் பாலிசி போதுமே' என்று ஒரு கம்பெனி சொன்னால், அடுத்த கம்பெனியின் படியேற வேண்டும்.

மழை வந்தால்

ஐப்பசி பிறந்தால் பழைய கார்க்காரருக்குத் தூக்கம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

மேடான இடத்துக்குக் காரை முன்கூட்டியே கொண்டுபோய்விட வேண்டும். முடியாவிட்டால் பேட்டரி ஒயரையாவது கழற்றி வைக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு சாவியைத் திருப்பக் கூடாது! சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவைத் தர இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். முதலில் கம்பெனிக்குத் தகவல்; பிறகு படம்; பிறகு காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு. அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்ற வேண்டும். கடைசியில் அந்த வெண்கல மூட்டுக்கும் ஒரு தடவை எண்ணெய்.