பொறி எழுதிய பக்கமும் வெர்னியர் அளவியும்

சென்னையின் மேற்குப் பகுதியில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ளது மண்ணூர்பேட்டை. இப்பக்கத்து லேத் பட்டறைகளில் கணிப்பொறியால் இயங்கும் இயந்திரங்களும் உண்டு. ஆயினும், இயந்திரம் கடைந்த பொருளை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். வெர்னியர் அளவியால் அளந்து பார்த்த பின்னரே அனுப்புவார்கள். இணையப் பக்கம் அமைப்பதற்கும் இப்பழக்கம் தேவை.

அண்மையில் இவ்வூர் மாணவி ஒருவர் தமக்கென ஓர் இணையப் பக்கம் அமைக்க விரும்பினார். உரையை ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் தம் ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டார். சில நொடிகளில் பக்கம் ஆயத்தமாயிற்று. அதில் “மண்ணூர்பேட்டை ஓர் அழகிய கடற்கரைச் சிற்றூர்” என்ற வரியும் இருந்தது! கடலோ கிழக்கே பல கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இப்பிழை எப்படி நேர்ந்தது? “பால் பொங்கி” என்றதும் “வழிந்தது” என்ற சொல் உங்கள் மனத்தில் எழுகிறதல்லவா? இக்கருவியும் ஏறக்குறைய அவ்வாறே இயங்குகிறது. ஏராளமான உரைகளில் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லை நிகழ்தகவின்படி தேர்கிறது. “சென்னை” வரும் இடங்களில் “கடற்கரை” அடிக்கடி வரும். மண்ணூர்பேட்டையைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகக் குறைவு. எனவே, பொருத்தமாகத் தோன்றும் சொல் உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தின் கட்டமைப்பில் இக்கருவி நன்கு உதவுகிறது. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து உலகுக்கு அறிவித்த வலைத்தளம், எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்டது. இன்றும் தலைப்பு எது, பத்தி எது, படம் எது என்று உலாவிக்குச் சொல்வது அம்மொழியே. அதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் திரையிலேயே தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, யூனிகோடில் ‘க’ என்ற எழுத்தின் எண் 2965. யு.டி.எஃப்.-8 முறையில் அது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. இம்முறையைக் குறிக்கும் வரி விடுபட்டால், ‘க’ வர வேண்டிய இடத்தில் மூன்று அந்நியக் குறிகள் தோன்றக்கூடும். கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆனால், கடற்கரை வரியில் எழுத்துப் பிழையில்லை; இலக்கணப் பிழையுமில்லை. ஊரை அறிந்தவர் மட்டுமே அதைப் பிழையென்று உணர முடியும். அதை நீக்காமல் வெளியிட்டிருந்தால் என்ன ஆகும்? நாளை வேறொரு கருவி அப்பக்கத்தையும் படித்துப் பயிலக்கூடும். குறைவாக எழுதப்பட்ட ஊருக்கு ஒரு பொய் வரியே சான்றாகிவிடும்!

அம்மாணவி அவ்வரியை நீக்கினார். தம் தெருவையும், தாம் பார்த்த பட்டறையையும் பற்றித் தாமே நான்கு வரிகள் எழுதிச் சேர்த்தார். கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பக்கத்திலும் போடவில்லை, கருவியிடமும் சொல்லவில்லை. வெளியிடுமுன் பெற்றோரிடம் காட்டினார்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஊரைப் பற்றி இத்தகைய கருவியிடம் பத்து வரிகள் கேளுங்கள். நீங்கள் நேரில் அறிந்தவை எத்தனை, விசாரிக்க வேண்டியவை எத்தனை, தவறானவை எத்தனை என்று பட்டியலிடுங்கள். பொறி கடையட்டும், அளவி உங்கள் கையில் இருக்கட்டும்!